கடிகாரமும் கணினியும்: மலாயா நேரத்தின் வரலாறு

"மணி என்ன?" என்று ஒருவர் கேட்டால் கைக்கடிகாரத்தைப் பார்த்து உடனே விடை கூறிவிடுகிறோம். கேட்பவரும் கூறுபவரும் ஒரே ஊரில், ஒரே கணத்தில் நிற்பதால் அவ்விடையில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால், அதே விடையை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்து, நாற்பது ஆண்டுகள் கழித்து வேறொருவர் எடுத்துப் படித்தால் அதன் பொருள் யாது? அது எந்த ஊர் மணி? எந்தச் சட்டத்தின்படி ஓடிய கடிகாரத்தின் மணி? இவ்விரண்டும் தெரியாவிடில் தாளில் உள்ள மணி பாதி உண்மையே ஆகும்.

இதனை வீண் ஆராய்ச்சி என்று தள்ளிவிடுதல் இயலாது. பழைய பதிவேடுகளையெல்லாம் கணினியில் ஏற்றுகின்ற காலம் இது. மே மாதம் 10-ஆம் தேதி பிறந்த ஒருவரின் பிறந்தநாள், கணினித் திரையில் மே 9 என்று தோன்றிவிடக்கூடும். அவர் 1982-ஆம் ஆண்டுக்கு முன் பிறந்தவராயின் இப்பிழை நேரும். பின் பிறந்தவராயின் நேராது. ஓய்வூதியத்துக்கும் காப்புறுதிக்கும் அடையாள அட்டைக்கும் பிறந்தநாளே ஆதாரமாதலின், ஒருநாள் வேறுபாடும் சிறியதன்று. பொறி கெட்டுவிட்டதா? இல்லை. நிரல் எழுதியவர் கூட்டல் கழித்தலில் தவறினாரா? அதுவும் இல்லை. அவர் தவறியது வரலாற்றில். நம் நாட்டுக் கடிகாரங்கள் எந்தெந்த ஆண்டில், யார் கட்டளையால், எவ்வளவு நகர்த்தி வைக்கப்பட்டன என்பதை அறியாமையே அப்பிழைக்குக் காரணம். அவ்வரலாற்றையும், அது கணினிக்குள் புகுந்த விதத்தையும் ஈண்டு ஆராய்வோம்.

ஊருக்கு ஒரு நேரம்

கதிரவன் உச்சிக்கு வரும்போது நண்பகல் என்பதே மனிதன் கண்ட முதல் கணக்கு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், கிழக்கே உள்ள ஊருக்கு நண்பகல் முன்னதாகவும் மேற்கே உள்ள ஊருக்குப் பின்னதாகவும் வரும். நெடுங்கோட்டில் ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பது கணக்கு. இவ்வாறு பார்த்தால் சென்னைக் கடிகாரம் கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தி நிற்கும். சிங்கப்பூர்க் கடிகாரம் 6 மணி 55 நிமிடம் 25 வினாடி முந்தி நிற்கும். சென்னையில் உச்சிப் பொழுதாக இருக்கும்போது சிங்கப்பூரில் பிற்பகல் 1 மணி 34 நிமிடம். கோலாலம்பூர் சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 9 நிமிடமும், பினாங்கு ஏறத்தாழ 14 நிமிடமும் பின்தங்கி நிற்கும்.

மாட்டுவண்டியும் பாய்மரக் கப்பலும் ஓடிய நாளில் இவ்வேறுபாட்டால் எவருக்கும் தொல்லை இல்லை. பினாங்கிலிருந்து பல நாள் பயணம் செய்து சிங்கப்பூர் வந்து இறங்குபவன் பதினான்கு நிமிடத்தைப் பற்றி ஏன் கவலைப்படுகிறான்? தொல்லை பிறந்தது தந்தியாலும் இரயிலாலும்தான். 1870-71 ஆண்டுகளில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. செய்தி சில நிமிடங்களில் கடலைக் கடந்தது. அனுப்பியவர் எழுதிய மணிக்கும் பெற்றவர் எழுதிய மணிக்கும் இடையே, செய்தி பயணம் செய்த நேரத்தைவிட ஊர் வேறுபாடே பெரிதாக நின்றது.

மேல்நாடுகளிலும் இதே நிலைதான். பிரிட்டனின் இரயில் கம்பெனிகள் 1847-இல் கிரீனிச் நேரத்தை ஏற்கத் தொடங்கின. அமெரிக்க இரயில்கள் 1883-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி நேர மண்டலங்களை வகுத்துக்கொண்டன. 1884-இல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி, கிரீனிச் வழியாகச் செல்லும் கோட்டையே உலக நெடுங்கோடுகளின் தொடக்கமாகக் கொள்ளலாம் என்று முடிவு செய்தன. ஆனால், எந்த நாடு எந்த மணியை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அம்மாநாடு கட்டளையிடவில்லை. அதனை அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. இன்றளவும் நிலைமை அதுவே. நேர மண்டலம் என்பது இயற்கை வகுத்த எல்லை அன்று. அரசாங்கம் வகுத்த எல்லை. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மேல்வரும் செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

ஆறு முறை நகர்ந்த முள்

1901-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, சிங்கப்பூரின் சராசரிக் கதிரவ நேரமே தீபகற்பத்துக்கும் பொது நேரமாயிற்று. அன்றுமுதல் கோலாலம்பூர் தன் சொந்த நேரத்தைக் கைவிட்டுச் சிங்கப்பூர் நேரத்தைப் பின்பற்றியது. எனினும் 6 மணி 55 நிமிடம் 25 வினாடி என்பது பிற நாட்டாரோடு கணக்குப் பார்க்க வசதியான எண் அன்று. ஆகவே 1905-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, கிழக்கு நெடுங்கோடு 105 பாகையின் நேரம், அஃதாவது கிரீனிச்சைவிடச் சரியாக 7 மணி முந்திய நேரம், கொள்ளப்பட்டது. கடிகாரங்கள் 4 நிமிடம் 35 வினாடி முன்னே தள்ளப்பட்டன. இது முதல் மாற்றம்.

இரண்டாவது மாற்றம் பகலொளியைச் சேமிக்கும் நோக்கத்தால் வந்தது. காலையில் வீணாகும் வெளிச்சத்தை மாலையில் விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் பயன்படுத்தலாம் என்று, ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் கவர்னர் சர் லாரன்ஸ் கில்லமார்ட் 1920-இல் அரைமணி நேர மாற்றம் ஒன்றை முன்மொழிந்தார், அது நிறைவேறவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் சட்டசபை உறுப்பினர் சர் ஆர்னால்ட் ராபின்சன் அதே கருத்தை மீண்டும் எழுப்பினார். அரைமணிக்குப் பதிலாக 20 நிமிடம் என்று இணக்கம் ஏற்பட்டது. 1933-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, கடிகாரங்கள் 7 மணி 20 நிமிட வேறுபாட்டுக்கு வந்தன. மற்ற நாடுகளில் கோடையில் முன்னே தள்ளிக் குளிர்காலத்தில் பின்னே இழுப்பார்கள். கோடையும் குளிரும் இல்லாத நம் நாட்டில் ஆண்டு முழுவதும் அதுவே நிலைத்தது. 1936-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து, "சேமிப்பு நேரம்" என்ற பெயர் நீங்கி அதுவே முறையான நேரமாயிற்று. அன்று முள் நகரவில்லை. அதன் சட்டப் பெயர் மட்டுமே மாறியது.

மூன்றாவது மாற்றம் 1941-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி. போர்மேகம் சூழ்ந்துகொண்டிருந்த வேளையில் மேலும் 10 நிமிடம் கூட்டப்பட்டு, வேறுபாடு 7 மணி 30 நிமிடம் ஆயிற்று.

நான்காவது மாற்றத்தை நம் முன்னோர் எளிதில் மறந்திருக்க முடியாது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. வெற்றி பெற்றவர் ஊரின் பெயரை மாற்றினர், நாணயத்தை மாற்றினர், மணியையும் மாற்றினர். டோக்கியோவின் நேரமே சிங்கப்பூரின் நேரமாயிற்று. கிரீனிச்சைவிட 9 மணி முந்திய நேரம் அது. கடிகாரம் ஒன்றரை மணி நேரம் ஒரேயடியாக முன்னே தாவியது. டோக்கியோ நேரப்படி கோலாலம்பூரில் கதிரவன் எழும்போது கடிகாரம் எட்டு மணியைத் தாண்டியிருக்கும். கடிகாரம் ஆறரை காட்டும் நேரமோ வானத்தின் கணக்கில் நாலேகால் மணி இருட்டு.

ஐந்தாவது மாற்றம் அந்த இருட்டு நீங்கியபோது வந்தது. 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூர் நகராண்மைக் கட்டடத்தில் ஜப்பானியப் படையினர் முறைப்படி சரணடைந்தனர். கடிகாரங்களும் ஒன்றரை மணி நேரம் பின்னே வந்து, பழைய 7 மணி 30 நிமிடத்தை அடைந்தன. அதன்பின் முப்பத்தாறு ஆண்டுகள் அதுவே நிலைத்தது. மலாயா விடுதலை பெற்றதும், மலேசியா அமைந்ததும், சிங்கப்பூர் தனிக்குடியரசானதும் இந்த 7 மணி 30 நிமிடக் கடிகாரத்தின் கீழ்தான்.

மறைந்த அரைமணி

மலேசியா அமைந்தபின் ஒரு நாட்டுக்குள் இரண்டு நேரங்கள் இருந்தன. சபாவும் சரவாக்கும் கிரீனிச்சைவிட 8 மணி முந்தி நின்றன. தீபகற்பம் 7 மணி 30 நிமிடத்தில் நின்றது. இரண்டையும் ஒன்றாக்க 1981-இல் மலேசிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மகாதீர் முகமது பிரதமர் பொறுப்பேற்ற ஆண்டு அது. வாணிகமும் பயணமும் இரு நாடுகளையும் பிணைத்திருந்தமையால் சிங்கப்பூரும் அதே நேரத்தை ஏற்றது.

1981-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி இரவு 11 மணி 30 நிமிடம் ஆனதும், கடிகாரங்கள் 12 மணிக்குத் தள்ளப்பட்டன. புத்தாண்டு அரைமணி முன்னதாகப் பிறந்தது. ஆகவே அன்றிரவு 11.30-க்கும் 12-க்கும் இடைப்பட்ட நேரம் சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் நிகழவே இல்லை. அந்த நாளில் இரவு 11.45-க்கு ஒரு நிகழ்ச்சி நடந்ததாக ஒரு தாள் கூறுமாயின், எழுதியவர் தம் கடிகாரத்தை நகர்த்த மறந்துவிட்டார் என்றே கொள்ளல் வேண்டும். இதுவே ஆறாவது மாற்றம். 1905 முதல் 1982 வரை 77 ஆண்டுகளில் ஆறு முறை முள் நகர்ந்திருக்கிறது.

கணினி நேரத்தை எண்ணும் முறை

இனி, கணினிக்குள் நுழைவோம். மனிதனைப்போல் ஆண்டு, மாதம், நாள், மணி என்று கணினி நினைப்பதில்லை. யூனிக்ஸ் என்னும் இயக்கமுறையின் வழிவந்த பெரும்பாலான கணினிகள், 1970-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி கிரீனிச் நள்ளிரவைப் பூச்சியம் எனக் கொண்டு, அங்கிருந்து எத்தனை வினாடி கடந்தது என்று எண்ணுகின்றன. இந்த எண் உலகம் முழுவதற்கும் ஒன்றே. சிங்கப்பூரில் இருந்தாலும் லண்டனில் இருந்தாலும் ஒரு கணத்துக்கு ஒரே எண்தான்.

மனிதன் எழுதிய தேதியைப் படித்து இந்த எண்ணாக மாற்றும்போதுதான் சிக்கல் எழுகிறது. "1975 மே 10, காலை 9 மணி" என்ற எழுத்தைக் கண்ட நிரல், "எந்த ஊரில்?" என்று கேட்க வேண்டும். ஊர் தெரிந்தால், அன்றைய நாளில் அவ்வூரின் வேறுபாடு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இன்றைய வேறுபாட்டைப் பார்த்தல் கூடாது. இவ்விரண்டு வினாக்களையும் எழுப்பாத நிரல், தான் ஓடும் பொறியின் நேரத்தையே எழுதியவரின் நேரமாகக் கற்பனை செய்துகொள்கிறது. பிழை யாவும் இங்கேதான் தொடங்குகிறது.

சிங்கப்பூர் நிரலாளர் பலர் கண்டு வியக்கும் ஒரு செய்தி உண்டு. கணினியிடம் பூச்சியம் என்ற எண்ணைக் கொடுத்துச் சிங்கப்பூர் நேரத்தில் காட்டு என்றால், 1970 ஜனவரி 1, காலை 7 மணி 30 நிமிடம் என்று காட்டும். எட்டு மணி அல்லவா வரவேண்டும் என்று அவர்கள் மயங்குவர். கணினி சொல்வதே சரி. 1970-இல் நம் கடிகாரம் 7 மணி 30 நிமிட வேறுபாட்டில்தான் ஓடியது.

சோதிடர் சேர்த்த செல்வம்

கணினிக்கு இந்த வரலாறு எப்படித் தெரிந்தது? உலக ஊர்களின் நேர மாற்றங்களை எல்லாம் தொகுத்த ஒரு பெரிய அட்டவணை உண்டு. 1980-களில் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிலையங்களில் பணியாற்றிய ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் தன்னார்வலர்களின் துணையோடு அதனைத் தொடங்கினார். பின்னர்க் கலிபோர்னியாப் பேராசிரியர் பால் எக்கர்ட் அப்பொறுப்பை ஏற்றார். கைப்பேசி முதல் வங்கிக் கணினி வரை பெரும்பாலானவை நம்பியிருப்பது இந்த அட்டவணையையே. அதில் சிங்கப்பூரின் பெயரின்கீழ் 6 மணி 55 நிமிடம் 25 வினாடி தொடங்கி, மேற்கூறிய மாற்றங்கள் யாவும் வரிவரியாக எழுதப்பட்டுள்ளன. கோலாலம்பூர் என்று கேட்டாலும் இன்று சிங்கப்பூர் வரிகளையே அது காட்டும்.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. பழங்கால நேர மாற்றங்களை அவர்கள் எங்கிருந்து பெற்றனர்? பெரும்பகுதி, தாமஸ் ஷாங்க்ஸ் என்னும் அமெரிக்கர் தொகுத்த நில அட்டவணை நூல்களிலிருந்து வந்தது. அந்நூல்கள் எழுந்தது சோதிடர்களுக்காக! பிறந்த ஊரின் அன்றைய நேர வேறுபாடு தெரியாமல் ஜாதகம் கணிக்க முடியாதன்றோ? கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே "எந்த ஊர், எந்த நாள்?" என்ற வினாவைத் தொழில்முறையில் எழுப்பியவர்கள் சோதிடர்களே. 2011-இல், சோதிட மென்பொருள் விற்கும் ஓர் அமெரிக்க நிறுவனம், அந்நூலின் உரிமை தன்னுடையது என்று ஓல்சன் மீதும் எக்கர்ட் மீதும் வழக்குத் தொடுத்தது. அட்டவணை சிறிது காலம் முடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் இணைய எண்களையும் பெயர்களையும் நிர்வகிக்கும் அமைப்பு அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. வரலாற்று உண்மைகள் எவருக்கும் தனியுடைமை ஆகா என்ற வாதம் எழுந்தது. 2012-இல் வழக்கும் கைவிடப்பட்டது. அட்டவணை இன்று உலகப் பொதுச்சொத்து.

எனினும் அட்டவணை வேதம் அன்று. 1970-க்கு முற்பட்ட வரிகள் அத்துணை நம்பத்தக்கன அல்ல என்று அதனைத் தொகுத்தவர்களே எச்சரித்துள்ளனர். எடுத்துக்காட்டாக, டோக்கியோ நேரம் 1942 பிப்ரவரி 16-இல் தொடங்கியதாக அட்டவணை ஒரே வரியில் கூறுகிறது. அது சிங்கப்பூர் வீழ்ந்த நாளை ஒட்டியது. பினாங்கு 1941 டிசம்பரிலேயே, கோலாலம்பூர் 1942 ஜனவரியிலேயே ஜப்பானியர் வசமாகிவிட்டன. அவ்வூர்களுக்கும் அந்த ஒரு வரியைப் பொருத்துவோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். 1981-ஆம் ஆண்டு மாற்றம்கூட அட்டவணையின் பழைய பதிப்புகளில் நள்ளிரவுக்கு நிகழ்ந்ததாகவே இருந்தது. பிற்காலத்தில்தான் இரவு 11.30 என்று திருத்தப்பட்டது.

பிழைகள் பிறக்கும் இடம்

இப்போது, தொடக்கத்தில் கூறிய பிறந்தநாளுக்கு வருவோம். 1975 மே 10-இல் சிங்கப்பூரில் பிறந்த ஒருவரின் பதிவைக் கணினியில் ஏற்றுகிறார்கள். தேதி மட்டுமே இருப்பதால் நிரல் அதனை அன்றைய நள்ளிரவு 12 மணி என்று கொள்கிறது. நிரலாளர் சிங்கப்பூரின் வேறுபாடு 8 மணி என்று தாமே எழுதிவிட்டார். கிரீனிச் கணக்கில் அது மே 9, மாலை 4 மணி ஆகிறது. பிறிதொரு நாள், வேறொரு நிரல் அந்த எண்ணை எடுத்துக் காட்டுகிறது. அது அட்டவணையை ஒழுங்காகப் பார்க்கும் நிரல். 1975-இல் வேறுபாடு 7 மணி 30 நிமிடம் என்று கண்டு, மாலை 4 மணியோடு அதனைக் கூட்டுகிறது. விடை: மே 9, இரவு 11.30. நேரத்தை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் அச்சிட்டால் மே 9! ஒரு நிரல் வரலாற்றை அறியாமலும் மற்றொன்று அறிந்தும் நடந்தமையால், ஒருவர் வாழ்வில் ஒருநாள் முன்னே போய்விட்டது.

1982 ஜனவரி முதல் தேதி பிறந்தோருக்கு வேறொரு தொல்லை. அட்டவணையின் பழைய பதிப்பின்படி, அந்நாள் நள்ளிரவு 12 முதல் 12.30 வரை இல்லாத நேரம். தேதியை நள்ளிரவாகக் கொள்ளும் நிரல், "அப்படி ஒரு நேரமே இல்லை" என்று பிறந்தநாளை ஏற்க மறுத்துவிடும். இதற்கு மாறாக, 1945 செப்டம்பரில் கடிகாரம் பின்னே சென்றபோது ஒன்றரை மணி நேரம் இருமுறை வந்தது. அப்போது எழுதிய ஒரு மணிக்கு இரண்டு பொருள் உண்டு. முன்னதற்குப் பொருளே இல்லை. பின்னதற்குப் பொருள் இரண்டு. தேதியைப் படிக்கும் நிரல் இவ்விரு நிலைகளிலும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுபவரே தீர்மானித்தல் வேண்டும்.

பைத்தான் மொழியில் நெடுங்காலம் வழங்கிய ஒரு நேர மண்டலத் தொகுப்பில் இன்னொரு விந்தை நேர்ந்தது. சிங்கப்பூர் என்ற பெயரை ஒரு தேதியோடு நேரே ஒட்டிவிட்டால், தொகுப்பு அட்டவணையின் முதல் வரியை எடுத்துக்கொள்ளும். முதல் வரியோ 1901-க்கு முற்பட்ட 6 மணி 55 நிமிடம். காலை 9 மணிக்கு வைத்த கூட்டம் 10 மணி 5 நிமிடத்துக்கு மாறிவிடும்! விக்டோரியா மகாராணி காலத்து மணி இன்றைய அலுவலகத்தில் எழுந்து நிற்கிறது என்றால் நகைப்பாகத்தான் இருக்கிறது. நேரம் தவறிக் கூட்டத்துக்குப் போனவர் நகைக்கமாட்டார்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலோ, தேதியை மட்டும் ஆண்டு முன்னதாக எழுதினால் அது கிரீனிச் நள்ளிரவு. அதனோடு மணியையும் சேர்த்து எழுதினால் அது பயன்படுத்துபவரின் ஊர் நேரம். சிங்கப்பூரில் கிரீனிச் நள்ளிரவு காலை 8 மணியாகத் தோன்றும், தேதி மாறாது. நியூயார்க்கிலோ முந்தைய நாள் மாலையாகத் தோன்றும். நம்மவர் எழுதிச் சோதித்து, பிழையில்லை என்று அனுப்பிய நிரல், கடல் கடந்ததும் ஒருநாளை இழக்கிறது.

சுருக்கெழுத்தும் பகையே. மலேசிய நேரம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளாகிய எம்.எஸ்.டி. என்பதனை எழுதினால், மின்னஞ்சலுக்கு 1982-இல் வகுத்த விதிகள் அதனை அமெரிக்க மலைப்பகுதி நேரமாகவே படிக்கும். வேறுபாடு பதினைந்து மணி நேரம். இந்திய நேரத்தைக் குறிக்கும் ஐ.எஸ்.டி. என்பது அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் உரியதாகும்.

ஒரு ஜாதகமும் ஒரு பாடமும்

நம்மவர் இல்லங்களில் இவ்வரலாறு நேரே தொடும் இடம் ஜாதகம். 1943-இல் கோலாலம்பூரில் காலை ஆறரை மணிக்குப் பிறந்த ஒருவர் எனக் கொள்வோம். அன்று கடிகாரம் ஓடியது டோக்கியோ நேரத்தில். அதனை அறியாமல் 7 மணி 30 நிமிட வேறுபாட்டைக் கொண்டு கணித்தால், பிறந்த நேரம் ஒன்றரை மணி பிசகும். ஓர் இராசி கிழக்கே எழ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகுமாதலின், நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு இலக்கினமே மாறிவிடும். கடிகாரத்தில் ஏழரை மணி என்றிருந்தாலும் கதிரவன் எழவில்லை. கதிரவன் எழுந்தபின்னரே நாள் பிறக்கும் என்னும் பஞ்சாங்க முறைப்படி கிழமையே முந்தைய நாளுடையது. சோதிடத்தில் ஒருவருக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு வழக்கு. பிறந்த நேரம் எது என்பது சோதிடக் கேள்வி அன்று, வரலாற்றுக் கேள்வி.

இது பழங்கதை மட்டும் என்று கருதுதல் வேண்டா. மின்சாரத் தட்டுப்பாட்டால் இலங்கை 1996 மே மாதத்தில் ஒரு மணி நேரம் முன்னே சென்று, அக்டோபரில் அரைமணி பின்னே வந்து, 2006 ஏப்ரலில் மீண்டும் இந்திய நேரத்தையே அடைந்தது. அப்பத்தாண்டுகளில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அம்மாற்றத்தை ஏற்கவில்லை என்று அக்காலச் செய்திகள் கூறின. ஒரு தீவில் இரு மணிகள் ஓடின. அட்டவணையிலோ கொழும்பின் பெயர் மட்டுமே உண்டு. வடகொரியா 2015-இல் ஏறத்தாழ ஒரு வார அறிவிப்போடு அரைமணி பின்னே சென்று, 2018-இல் திரும்ப வந்தது. எதிர்காலத்தில் எந்த அரசு எந்த நேரத்தை வைக்கும் என்று இன்று எவராலும் உறுதி கூற இயலாது.

ஆகவே நிரல் எழுதுவோர் கைக்கொள்ள வேண்டியவை சில உண்டு. பிறந்தநாள் போன்றவற்றைத் தேதியாகவே வைத்தல் வேண்டும். அவற்றுக்கு இல்லாத ஒரு நள்ளிரவை ஒட்டுதல் கூடாது. நிகழ்ந்து முடிந்தவற்றைக் கிரீனிச் வேறுபாட்டோடு சேர்த்து எழுதுதல் வேண்டும். 1988-இல் வெளிவந்த அனைத்துலகத் தேதித் தரம் ஆண்டை முன்னும் வேறுபாட்டைப் பின்னும் எழுத வழி வகுத்துள்ளது. இனி நிகழவிருப்பவற்றுக்கு ஊர்ப்பெயரையும் அவ்வூர் மணியையும் சேர்த்து வைத்தல் வேண்டும். சட்டம் மாறினும் கூட்டம் ஒன்பது மணிக்கே நடக்கும். சுருக்கெழுத்தை நம்புதல் கூடாது. எட்டு என்ற எண்ணைக் கையால் எழுதாமல், ஊர்ப்பெயரைச் சொல்லி அட்டவணையைக் கேட்டல் வேண்டும். அந்த அட்டவணையையும் காலந்தோறும் புதுப்பித்தல் வேண்டும்.

மற்றவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வீட்டுப் பெட்டியில் பாட்டனார் காலத்துப் பிறப்புக் குறிப்போ, பழைய கடிதமோ, கணக்கேடோ இருக்குமாயின், அதில் காணும் மணியை அப்படியே நம்பிவிடாமல், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பார்த்து அருகில் எழுதி வையுங்கள். 1942 முதல் 1945 வரையிலான தாளாயின், அது டோக்கியோ மணியா, பழைய மணியா என்று அக்காலத்தை அறிந்த முதியவர் எவரேனும் இருந்தால் கேட்டறிந்து குறியுங்கள். கவர்னர் கூட்டினார், படையெடுத்தவர் தள்ளினார், விடுதலை பெற்ற நாடு தானே முடிவு செய்தது. கடிகார முள் நகர்ந்த ஒவ்வொரு முறையும் நம் நாட்டின் வரலாறும் நகர்ந்திருக்கிறது. அதனைக் கணினி ஆறேழு வரிகளில் சுமந்துகொண்டிருக்கிறது. அவ்வரிகளைப் படிக்கத் தெரிந்தவர் கையில்தான் தேதி பிழைபடாமல் நிற்கும்.